வீட்டில் பூட்டிய றைபிளுக்கு என்ன விலை?



இந்த மாத உரைக்கு வேறொரு தலைப்பைத்தான் ஆயத்தம் செய்து வைத்திருந்தேன். அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு தொலைபேசி அழைப்பு அதை மாற்றிவிட்டது. அழைத்தவர் என் பள்ளித் தோழன் ஒருவனின் மனைவி. தோழன் காலமாகி ஆறு மாதமாகியிருந்தது. பொறியியலாளனாக வேலை பார்த்தவன். ஊரில் இருந்த காலத்தில் சைக்கிளோ றேடியோவோ கையில் கிடைத்தால் கழற்றிப் பூட்டாமல் விடமாட்டான். ஓய்வு பெற்ற பின்னர் அந்த ஊர் வழக்கப்படி குறி பார்த்துச் சுடும் கழகம் ஒன்றில் சேர்ந்திருக்கிறான். அதோடு நில்லாமல் றைபிள் ஒன்றைப் பாகம் பாகமாக வாங்கி, வீட்டின் பின்னறையில் வைத்துத் தானே பூட்டியும் இருக்கிறான். ஒவ்வொரு பாகத்துக்கும் பற்றுச்சீட்டு உண்டு. எல்லாம் ஒரு கோப்பில் திகதி வரிசையாக இருக்கிறதாம்.

"அண்ணை, சிட்டையளைக் கூட்டிப் பாத்தா நல்ல காசு வருது. கடைக்காரன் அதில பாதிகூடத் தரமாட்டன் எண்டுறான். பொம்பிளை எண்டு ஏமாத்திறானோ தெரியேல்லை. நீங்கள் சரித்திரம் எல்லாம் வாசிக்கிற ஆள், கொஞ்சம் விசாரிச்சுச் சொல்லுங்கோ" என்றார்.

சரித்திரம் வாசிக்கிறவனிடம் துவக்கு விலை கேட்பது பொருத்தமா என்று முதலில் சிரிப்பு வந்தது. விசாரித்துப் பார்த்தபோது, கடைக்காரர் ஏமாற்றவில்லை என்றும், அவர் சொன்ன விலைக்குப் பின்னால் இருநூறு வருடத்துக்கு மேற்பட்ட சரித்திரம் இருக்கிறது என்றும் தெரிந்தது. அதைத்தான் இன்று பகிர்ந்துகொள்ளப் போகிறேன். துவக்கு என்ற சொல்லைக் கேட்டாலே நெஞ்சு பதறும் பலர் நம்மிடையே இருக்கிறீர்கள் என்பதை அறிவேன். இது ஆயுதத்தின் பெருமை பேசும் உரை அல்ல. ஒரு பொருளின் விலை எங்கே குந்தியிருக்கிறது என்பது பற்றிய உரை.

ஒரு காலத்தில் உலகிலுள்ள துவக்குகள் யாவும் கையால் செய்தவைதான். வன்னிப் பக்கத்திலும் கிழக்கிலும் வேட்டைக்காரர் வைத்திருந்த இடியன் துவக்கை நினைத்துப் பாருங்கள். கொல்லர் ஒருவர் குழலையும் விசையையும் கட்டையையும் ஒன்றுக்கொன்று அராவிப் பொருத்திக் கொடுப்பார். அதன் ஆணி இன்னொரு இடியனுக்குப் பொருந்தாது. ஏதும் உடைந்தால் அதே கொல்லரிடமோ அவருக்கு நிகரான வேறொருவரிடமோதான் போக வேண்டும். 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியப் படைகள் வைத்திருந்த துவக்குகளின் கதையும் இதுவே. அரசனுடைய துவக்கானாலும் அரத்தின் வேலைதான். அப்படிப்பட்ட பொருளுக்கு விலை சொல்லும்போது இரும்பையும் மரத்தையும் நிறுத்துப் பார்ப்பதில்லை. செய்தவர் யார் என்றே முதலில் கேட்பார்கள்.

செய்தவரைத் தெரியாத ஊரில் வாங்குகிறவன் என்ன செய்வான்? இதற்கு இங்கிலாந்தில் ஒரு வழி கண்டார்கள். இலண்டன் துவக்குக் கைவினைஞர் சங்கம் 1637இல் அரச பட்டயம் பெற்றது. பேர்மிங்காமில் 1813இல் சோதனைச் சாலை நிறுவப்பட்டது. வழக்கமான அளவைவிடக் கூடுதலான மருந்தை இட்டுச் சுட்டுப் பார்ப்பார்கள். குழல் வெடிக்காமல் நின்றால் அதில் ஒரு முத்திரை குத்துவார்கள். 1868ஆம் ஆண்டுச் சட்டம் அந்தச் சோதனை முத்திரை இல்லாத துவக்கை விற்பதையே குற்றமாக்கியது. யார் செய்திருந்தாலும், வீட்டில் செய்ததாக இருந்தாலும், முன்பின் அறியாத மூன்றாம் ஆள் ஒருவர் அதற்குச் சாட்சி சொல்கிறார். அமெரிக்காவில் இப்படியான அரச சோதனைச் சாலை முறை வரவேயில்லை. அங்கே தயாரித்த கம்பனியின் பெயர்தான் சாட்சி. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

துவக்கை எவரும் பூட்டலாம் என்ற எண்ணம் எங்கே பிறந்தது தெரியுமா? பாரிஸ் நகருக்கு அருகே வென்சென் கோட்டையில். ஒனொரே பிளாங் என்ற பிரெஞ்சுத் துவக்குக் கைவினைஞர் அங்கே ஒரு பட்டறை வைத்திருந்தார். ஒரே அச்சு, ஒரே அளவுக்கருவி கொண்டு பாகங்களைச் செய்தால், எந்தப் பாகமும் எந்தத் துவக்குக்கும் பொருந்தும் என்பது அவருடைய வாதம். 1785இல் அவருடைய பட்டறைக்கு ஒரு விருந்தாளி வந்தார். அப்போது பிரான்சில் அமெரிக்கத் தூதராக இருந்த தோமஸ் ஜெபர்சன். ஐம்பது துவக்குகளின் சுடுபொறிகளைக் கழற்றி, பாகங்களை இனம் பிரித்துத் தட்டுகளில் வைத்திருந்தார் பிளாங். ஜெபர்சன் கைக்கு அகப்பட்ட பாகங்களை எடுத்துத் தானே பல சுடுபொறிகளைப் பூட்டினார். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தின. அவ்வாண்டு ஓகஸ்ட் 30ஆம் திகதி ஜோன் ஜே என்பவருக்கு எழுதிய கடிதத்தில் இதை வியந்து சொல்லும் ஜெபர்சன், வழக்கமான விலையைவிட இரண்டு லிவ்ர் குறைவாகத் துவக்கைத் தர முடியும் என்று பிளாங் நம்புவதாகவும் குறிப்பிடுகிறார்.

பட்டறைக்காரர் அல்லாத ஒருவர், அதிலும் தோட்டமும் நூலகமும் வைத்திருந்த ஒரு கனவான், தன் கையால் சுடுபொறியைப் பூட்டிவிட்டார். அவருக்கு அதற்குக் கொல்லரின் கை தேவைப்படவில்லை. அதே கடிதத்தில் விலையும் இறங்குகிறது. என் தோழனின் பின்னறைக்கு வழி அன்றே திறந்துவிட்டது என்றுதான் சொல்வேன்.

ஆனால் வழி திறந்ததற்கும் நடந்து சேர்ந்ததற்கும் இடையே நெடுங்காலம் இருக்கிறது. இந்தக் கதையில் பாடப்புத்தகங்கள் பெரிதாகப் போற்றும் பெயர் எலி விற்னி. பஞ்சு பிரிக்கும் இயந்திரத்தால் பெயர் பெற்றவர். 1798இல் 10,000 துவக்குகளை ஒன்று 13 டொலர் 40 சதம் வீதம், மொத்தம் 134,000 டொலருக்குச் செய்து தருவதாக அமெரிக்க அரசோடு ஒப்பந்தம் செய்தார். இரண்டு வருடத்தில் தருவதாகச் சொன்னவர் முடித்துக் கொடுத்தது 1809இல்! இடையில் 1801 ஜனவரியில் தலைநகரில் ஒரு காட்சி நடத்தினார். பல சுடுபொறிகளை ஒரே துவக்கில் திருப்புளியால் மாற்றி மாற்றிப் பூட்டிக் காட்டினார். பெரிய மனிதர்கள் கைதட்டினார்கள். பிற்காலத்தில் ஆய்வாளர்கள் எஞ்சியிருந்த விற்னி துவக்குகளைக் கழற்றிப் பார்த்தபோது, பாகங்கள் ஒன்றுக்கொன்று மாறிப் பொருந்தவில்லை என்று கண்டார்கள். பாகங்களில் தனித்தனி அடையாளக் குறிகளும் இருந்தன. இது இந்தத் துவக்குக்கு உரியது என்று குறி வைத்தாலே மாற்றிப் பூட்ட முடியாது என்றுதானே பொருள்? அக்காலத்திலேயே பூட்டிக் காட்டுவது ஒன்று, பூட்டியது நம்பத்தக்கதா என்பது வேறொன்று.

உண்மையில் சாதித்தவர் அவ்வளவாகப் பெயர் வெளியே வராத ஜோன் ஹோல். ஹார்ப்பர்ஸ் ஃபெரி என்ற ஆற்றோர ஊரிலிருந்த அரச ஆயுதசாலையில் 1819இல் 1,000 றைபிள்களுக்கு ஒப்பந்தம் பெற்றார். ஒரு றைபிளின் பாகங்களை அளந்து பார்க்க அவர் வைத்திருந்த அளவுக்கருவிகள் மாத்திரம் அறுபதுக்கு மேல். 1826இல் மூவர் கொண்ட குழு அவருடைய வேலையைச் சோதித்தது. 100 றைபிள்களைக் கழற்றிப் பாகங்களைக் கலந்து, புதிதாகச் செய்த 100 மரக்கட்டைகளில் மறுபடி பூட்டச் சொன்னார்கள். பொருந்தின. விற்னியைப் போல் மேடைக் காட்சி நடத்தவில்லை ஹோல். செலவு அதிகம் என்று மேலதிகாரிகளிடம் ஏச்சும் வாங்கினார். எனக்கு அவர் மீது ஒரு பட்சம் உண்டு என்பதை மறைப்பானேன்?

பின்னர் மசாசூசெற்ஸ் மாநிலத்து ஸ்பிறிங்ஃபீல்ட் அரச ஆயுதசாலையில் இது அன்றாட வேலையாகிவிட்டது. 1854இல் பிரித்தானிய அரசு அனுப்பிய குழுவினர் அங்கே போனார்கள். 1844 முதல் 1853 வரை வருடத்துக்கு ஒன்றாகப் பத்துத் துவக்குகளை எடுத்துக் கழற்றிக் கலந்தார்கள். தொழிலாளி ஒருவர் திருப்புளியை மட்டும் வைத்துக்கொண்டு பத்தையும் பூட்டிக் கொடுத்தார். குழுவினர் அமெரிக்க இயந்திரங்களை வாங்கிக்கொண்டு நாடு திரும்பினார்கள். அவை போய்ச் சேர்ந்த இடம் இலண்டனுக்கு வடக்கேயுள்ள என்ஃபீல்ட் தொழிற்சாலை. அந்தத் தொழிற்சாலைக்குப் பாகங்கள் செய்து கொடுத்த உறவால்தான் றோயல் என்ஃபீல்ட் என்ற பெயரே மோட்டார் சைக்கிளுக்கு வந்தது. சென்னையில் 1955க்குப் பிறகு அந்தச் சைக்கிள்கள் முதலில் இங்கிலாந்திலிருந்து பாகங்களாக வந்துதான் பூட்டப்பட்டன என்பதையும் ஒரு புறக்குறிப்பாகச் சொல்லிவைக்கிறேன்.

நம்முடைய நாட்டுக்கு வருவோம். சிட்னியிலிருந்து நீலமலை கடந்து மேற்கே போகும் நேயர்கள் லித்கோ என்ற ஊரைக் கடந்திருப்பீர்கள். 1912 யூன் மாதம் அங்கே அவுஸ்திரேலிய அரசின் சிறு ஆயுதத் தொழிற்சாலை திறக்கப்பட்டது. அதற்கு இயந்திரங்கள் வந்தது இங்கிலாந்திலிருந்து அல்ல, அமெரிக்காவின் கொனெற்றிக்கட் மாநிலத்து பிறாட் அன்ட் விற்னி கம்பனியிலிருந்து. விமான இயந்திரங்களில் இன்று காணும் அதே பெயர்தான். அந்த விற்னி வேறு, 1798ஆம் ஆண்டு விற்னி வேறு. ஏகாதிபத்தியத்தின் றைபிளை ஏகாதிபத்தியத்துக்கு வெளியே வாங்கிய இயந்திரத்தில் செய்வதா என்று அன்று முணுமுணுப்பும் எழுந்தது.

லித்கோவில் செய்த 303 லீ-என்ஃபீல்ட் றைபிளைக் கையில் எடுக்கும் பழம்பொருள் சேகரிப்பாளர் முதலில் எதைப் பார்ப்பார்? தொடர் இலக்கத்தை. உடற்பகுதியில் உள்ள இலக்கம் போல்ட்டிலும் இருக்கிறதா? முன்மூடியிலும் குறிகாட்டியிலும் அதேதானா? பாகங்கள் எல்லாம் மாறிப் பொருந்தும் என்று பெருமைப்பட்ட தொழிற்சாலை எதற்காக இலக்கம் குத்தியது என்று நீங்கள் கேட்கலாம். போல்ட் என்பது தோட்டாவைப் பின்னாலிருந்து தாங்கும் பாகம். அதற்கும் குழலுக்கும் உள்ள இடைவெளி மயிரிழை கூடினாலும் தோட்டாவின் பித்தளை உறை கிழியலாம், சுடுபவரின் முகத்துக்கே ஆபத்து. ஆகவே போல்ட்டை மட்டும் அந்தந்த றைபிளுக்கு என்று பொருத்திப் பார்த்து இலக்கமிட்டார்கள். நூறு வருட இயந்திர முன்னேற்றத்துக்குப் பிறகும் கடைசி மயிரிழையைப் பார்த்துச் சொல்ல ஓர் ஆள் தேவைப்பட்டார்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இந்த றைபிள்கள் மலிவாகப் பொதுமக்கள் கைக்கு வந்தன. பண்ணைக்காரர்கள் மரக்கட்டையை வெட்டினார்கள், குழலைக் குறுக்கினார்கள், 25 அளவுக் குழல் மாற்றினார்கள். கங்காருவுக்கும் முயலுக்கும் அதுவே வசதி. இன்று அப்படி வெட்டியதற்குக் கிடைப்பது, இலக்கம் பொருந்தி வெட்டுப்படாமல் இருக்கும் ஒன்றின் விலையில் ஒரு சிறு பங்குதான். பழைய மரமும் பாகமும் தேடி வாங்கி மறுபடி பூட்டினாலும் அந்த விலை திரும்புவதில்லை. பூட்டியவர் உண்மையைச் சொன்னால் விலை குறையும். சொல்லாமல் விட்டால் அது மோசடி.

மோசடி என்றதும் ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பெஷாவருக்குத் தெற்கே தர்ரா ஆதம் கேல் என்ற ஊர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து அங்கே வீதி நெடுகத் துவக்குப் பட்டறைகள். லீ-என்ஃபீல்டைப் பார்த்து அப்படியே செய்வார்கள். இரும்பை மட்டுமல்ல, முத்திரையையும் பார்த்துக் குத்துவார்கள். ஆங்கிலம் தெரியாத கை குத்தியதால் எழுத்து தலைகீழாக நிற்கும், என்ஃபீல்டுக்கு எழுத்துக்கூட்டல் பிழைத்திருக்கும். விக்ரோறியா மகாராணி 1901இல் இறந்துவிட்டார். அவருடைய முடியும் எழுத்தும் பொறித்த றைபிளில் அதற்குப் பிந்திய ஆண்டு இருக்கும்! சுட வேண்டிய பொருளுக்கு இந்த எழுத்து எதற்கு? விலை எழுத்தில் இருக்கிறது என்பது அந்தக் கொல்லர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

இனி என் தோழனின் றைபிளுக்கு வருகிறேன். அவன் பூட்டியது ஏஆர்-15 வகை. 1950களின் பிற்பகுதியில் ஆர்மலைட் கம்பனி வடிவமைத்தது. 1959இல் கோல்ற் கம்பனி உரிமையை வாங்கிற்று. இராணுவத்துக்கு எம்-16 ஆகவும், 1964 முதல் பொதுமக்களுக்குத் தனிச் சூட்டு றைபிளாகவும் விற்றது. 1977இல் காப்புரிமை காலாவதியானதும் பற்பல கம்பனிகள் அதன் பாகங்களைச் செய்யத் தொடங்கின. ஜெபர்சனின் தட்டுகள் இப்போது தபாலில் வருகின்றன. ஒருவரிடம் குழல், இன்னொருவரிடம் போல்ட், வேறொருவரிடம் கைப்பிடி.

எல்லாம் தபாலில் வந்தாலும் ஒரு பாகம் மட்டும் வராது. அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டுத் துவக்குக் கட்டுப்பாட்டுச் சட்டம், உரிமம் பெற்ற தயாரிப்பாளர் ஒவ்வொருவரும் துவக்கின் உடற்பகுதியில் தொடர் இலக்கம் பொறிக்க வேண்டும் என்றது. இந்த வகை றைபிளில் விசை அமர்ந்திருக்கும் கீழ்ப் பகுதிதான் சட்டத்தின் கண்ணில் துவக்கு. மற்றவை வெறும் உதிரிப்பாகம். யாழ்ப்பாணத்தில் சைக்கிள் வாங்கியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. சில்லு, மணி, இருக்கை எதை மாற்றினாலும் பிறேம் றலி என்றால் அது றலி. பிறேம் வேறு என்றால் றலிச் சில்லு போட்டாலும் அது பூட்டின சைக்கிள்தான், விலையும் பூட்டின சைக்கிள் விலைதான்.

பூட்டிய நாளே விலையைத் தீர்மானித்த ஒரு காலமும் அங்கே இருந்தது. 1994 செப்டெம்பர் 13 முதல் பத்து வருடத்துக்கு, குறிப்பிட்ட சில அம்சங்கள் கொண்ட இத்தகைய றைபிள்களைப் புதிதாகச் செய்வதை அமெரிக்கச் சட்டம் தடை செய்தது. அதற்கு முன்னர் இருந்தவற்றுக்குத் தடையில்லை. ஆகவே முந்தியவற்றின் விலை ஏறியது. இதில் ஒரு நுணுக்கம். கீழ்ப் பகுதி அந்தத் திகதிக்கு முன் வார்க்கப்பட்டது என்றால் மட்டும் போதாது, அன்றே அது அந்த அம்சங்களுடன் முழு றைபிளாக இருந்திருக்க வேண்டும். தொழிற்சாலையில் பூட்டி அனுப்பியதற்குக் கம்பனிப் பதிவு சாட்சி சொல்லும். பின்னறையில் பூட்டியதற்கு யார் சாட்சி? ஒரே இரும்பு, ஒரே வேலைப்பாடு. ஒன்றுக்குக் காகிதம் இருந்தது, மற்றதற்கு வாய்ச்சொல் இருந்தது. 2004 செப்டெம்பரில் சட்டம் காலாவதியானபோது அந்த மேல்விலையும் அதோடு போயிற்று.

இலக்கமே இல்லாமல், முழுமையடையாத உடற்பகுதியை வாங்கி வீட்டிலேயே துளைத்துச் செய்வோரும் இருந்தார்கள். குற்றச் செயல்களில் அவை அகப்பட்டபோது யாருடையது என்று தேட வழியிருக்கவில்லை. அத்தகைய தொகுதிகளுக்கும் இலக்கம் வேண்டும் என்று 2022இல் அரசு விதி கொண்டுவந்தது. 2025 மார்ச் 26ஆம் திகதி அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் அந்த விதியை ஏற்றது. தோழனுடையது அந்த இனம் அல்ல. நல்ல காலம், அவன் இலக்கமுள்ள கீழ்ப் பகுதியைக் கடையில் முறைப்படி வாங்கியிருந்தான்.

அப்படியிருந்தும் ஏன் பாதி விலை? ஜோர்ஜ் அக்கர்லோஃப் என்ற பொருளியலாளர் 1970இல் பழைய கார்ச் சந்தை பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 2001இல் நோபல் பரிசு பெற்றவர். விற்பவருக்குக் காரின் குறை தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. ஆகவே வாங்குபவர் எல்லாக் காரையும் குறையுள்ளதாகவே வைத்து விலை சொல்வார். இதில் நட்டப்படுவது நல்ல கார் வைத்திருப்பவர்தான் என்பது அவர் வாதத்தின் சாரம். தோழன் குழலை எவ்வளவு இறுக்கினான், லித்கோவில் ஓர் ஆள் நின்று பார்த்த அந்த மயிரிழை இடைவெளியை அவன் அளந்தானா என்பது கடைக்காரருக்கு எப்படித் தெரியும்? விலைப் புத்தகத்தில் தேடினாலும் கம்பனி, மாதிரி, ஆண்டு என்றுதான் அட்டவணை. ஐந்து கம்பனிப் பாகங்கள் சேர்ந்த ஒன்றுக்கு அங்கே வரி கிடையாது. சரியாகப் பூட்டியிருந்தாலும் அதற்குச் சாட்சி சொல்லக்கூடிய ஒரே ஆள் இப்போது இல்லை.

இவ்வளவையும் தொலைபேசியில் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப கழட்டினாக் காசு கூட வருமோ?" என்று கேட்டார். நான் ஒரு மணி நேரம் சொன்னதை அவர் ஒரு வரியில் பிடித்துவிட்டார். ஆம், பூட்டியிருக்கும்வரை எல்லாம் சேர்ந்து ஒரு சந்தேகம். கழற்றி வைத்தால் குழல் இன்ன கம்பனிக் குழல், குறிநோக்கி இன்ன கம்பனிக் குறிநோக்கி, பெட்டியும் சீட்டும் கூடவே இருக்கிறது.

அந்தக் கழகத்து நண்பர் ஒருவர் வந்து கழற்றிக் கொடுத்திருக்கிறார். பாகங்கள் தனித்தனியே போயின, ஒவ்வொன்றோடும் அதன் பற்றுச்சீட்டும் போயிற்று. முழுதாக விற்றிருந்தால் வந்திருக்கக்கூடியதைவிடக் கூடத்தான் வந்ததாம். இலக்கம் பொறித்த கீழ்ப் பகுதியை உரிமம் பெற்ற அதே கடைக்காரர் வழியாகவே கடைசியில் விற்றார். அதற்குக் கிடைத்தது சொற்பம். கோப்பில் இப்போது ஒரேயொரு தாள்தான் மிச்சமாம். எந்த நாளில் எதைப் பூட்டினான், எதை அளந்தான், எது சரிவராமல் திரும்பக் கழற்றினான் என்று தோழன் கைப்பட எழுதி வைத்த தாள். வாங்க வந்தவர்களில் ஒருவரும் அதைக் கேட்கவில்லை என்றார்.